மாட்டுங்கா பெயர்ப் புத்தகம்

1963-ஆம் வருஷம், தை மாதம், பொங்கலுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை மணி. கரிநாள் என்று ஊரில் யாரும் வெளியே கிளம்பாததால், நாங்குநேரியிலிருந்து திருநெல்வேலி போகும் முதல் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பதினெட்டு மைல், எழுபத்தைந்து நயா பைசா. நல்ல நாள் பார்த்துக் கிளம்பியிருக்கலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் பம்பாயில் இருந்தாக வேண்டும். தவிர, நான் நாள் நட்சத்திரத்தைவிட ரயில்வே அட்டவணையை நம்புகிறவன்.

அம்மா பஸ் வரைக்கும் வந்தாள். கட்டுச்சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, கண்டக்டர் விசில் எடுக்கும்வரை நின்றாள். பிறகு சொன்னாள்.

“இருக்காகளா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு வா. கூட்டிட்டு வரணும்னு நான் சொல்லல. எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

அவள் சொன்னது என் அப்பாவைப் பற்றி. பெயர் பேச்சிமுத்து. நாற்பத்தாறாம் வருஷம் பம்பாய்க்குப் பிழைக்கப் போனார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்குள் அது நின்றது. கடைசிக் கடிதத்தில் இருந்த விலாசத்துக்கு நான் எழுதிய நாலு கடிதங்களில் ஒன்று திரும்பி வந்தது, மூன்று அதுகூட வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் கொழும்புக்கும் போகிறவர்கள். பம்பாய்க்குப் போனவர் இவர் ஒருவர்தான். கேட்டுச் சொல்ல வேறு ஆள் இல்லை.

பதினாறு வருஷமாக அம்மா தினமும் காலையில் குங்குமம் வைத்துக்கொள்கிறாள். கல்யாண வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டு வரிசையாக வரும். அம்மாவிடம் வந்ததும் தட்டை எடுத்து வருகிறவள் ஒரு கணம் நிற்பாள். கொடுப்பதா, தாண்டிப் போவதா என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு கணத்துக்குப் பயந்தே அம்மா கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். அவள் கேட்டது புருஷனை அல்ல, ஒரு பதிலை. அதைப் பதினாறு வருஷமாக என்னால் கொண்டுவர முடியவில்லை.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுத்தன். யாருடைய பாட்டனுக்கு எத்தனை பிள்ளைகள், எந்தப் பங்கு யாருக்கு என்று பழைய ஏடுகளைப் புரட்டி எழுதிக்கொடுப்பதுதான் பிழைப்பு. “எங்க தாத்தா இருந்தது ஊருக்கே தெரியும் சார்” என்று வாதாடுகிறவர்களிடம், “காயிதத்துல இல்லைன்னா இல்லைதான் அண்ணாச்சி” என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து கெஞ்சுகிறவர்களிடமும் அதையேதான். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன மார்கழியில் வள்ளியூர்க்காரர் ஒருவர், பம்பாயிலிருந்து விடுமுறையில் வந்தவர், வில்லங்கம் பார்க்க அலுவலகத்துக்கு வந்தார். பேச்சுவாக்கில் அவர்தான் சொன்னார். மாட்டுங்காவில் நம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு சங்கம் இருக்கிறது. அதில் ஒரு பெயர்ப் புத்தகம் இருக்கிறது. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து வைப்பார்கள். வந்தவர், பிறந்தவர், செத்தவர் எல்லாரையும் ஊர்வாரியாக அதில் எழுதுவார்கள். காணாமல் போன சொந்தத்தை அதில் தேடிக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. “ஒங்க ஊருப் பேருலயும் ஒரு பக்கம் இருக்குன்னுதான் ஞாபகம்” என்றார். அன்று மாலையே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

புதன்கிழமை. காலையில் எழும்பூரில் இறங்கி, மாலையில் சென்ட்ரலில் பம்பாய் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு, முப்பது ரூபாயை ஒட்டி வந்தது. எண்ணூறு மைலுக்குச் சற்றுக் குறைவு. எதிர் இருக்கையில் மேலப்பாளையத்துக்காரர், காதர் பாய் என்றார்கள். தாராவியில் தோல் கிடங்கில் மேஸ்திரி. குண்டக்கல் தாண்டியதும் நடுநிசியா விடிகாலையா என்று தெரியாத குளிரில் போர்வையில் பாதியை எனக்குத் தந்தவர் அவர்.

விடிந்ததும் கேட்டார். “அங்கன யாரைப் பாக்கப் போறீய?”

“எங்க ஐயாவை.”

“விலாசம் இருக்கா?”

“விலாசம் இல்ல. பேரு இருக்கு.”

அவர் பல் விளக்கிக்கொண்டிருந்த வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். “பம்பாயில பேரை வச்சு ஆளைத் தேடாதீய தம்பி. ஆளைப் பாத்துட்டுப் பொறவு பேரைக் கேளுங்க.”

பெரியவர்கள் ரயிலில் சொல்லும் எத்தனையோ பேச்சில் ஒன்று என்று விட்டுவிட்டேன். பெயரை வைத்து ஆளைத் தேடுவதுதானே என் உத்தியோகம்.

வெள்ளிக்கிழமை, காலை ஏழேகால். புனாவைத் தாண்டி மலையில் இறங்கும்போது பார்க்க நன்றாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். விடியாத இருட்டிலும் பனிமூட்டத்திலும் ஒன்றும் தெரியவில்லை. தாதரில் இறங்கினேன். அங்கிருந்து மாட்டுங்கா ஒரே ஸ்டேஷன், லோக்கல் ரயிலில் பத்து நயா பைசா. வெளியே நின்ற டாக்சிக்காரன், சங்கம் இருக்கும் லேபர் கேம்ப்புக்கு ஒன்றேகால் ரூபாய் என்றான். ஒரு மைல்தான் என்று காதர் பாய் சொல்லியிருந்ததால் நடந்தேன். ரயில்பாதைக்குக் கிழக்கே கோயில்களும் காப்பிக் கடைகளும் மடிப்புக் கலையாத வேட்டிகளுமாக ஒரு மாட்டுங்கா இருக்கிறது. நான் போனது மேற்கே. தகரமும் சாக்கும் பழைய பலகையும் வைத்துக் கட்டிய வரிசைகள், நடுவில் சாக்கடை. காற்றுத் திரும்பும்போதெல்லாம் தாராவித் தோல் கிடங்குகளின் நாற்றம் வந்தது. குழாயடியில் திருநெல்வேலித் தமிழில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பாதித் திட்டு ஹிந்தியில் இருந்ததால் எனக்குப் புரிந்தது பாதிதான்.

சங்கத்தின் புத்தகத்தை வைத்திருப்பவர் பரமசிவம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர், நாற்பது வயதிருக்கும், களக்காட்டுப் பக்கம். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னதும் டிபன் டப்பாவைக் கீழே வைத்தார்.

“வருசத்துல ஒரு நாள்தான் இதைத் தொறக்குறது. ஞாயித்துக்கெழமைதான். ஆனா இம்புட்டு தூரம் வந்தவரை உக்கார வச்சு ரெண்டு நாளு காக்க வைக்கது ஞாயமில்ல” என்று சொல்லி, பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினார்.

காக்கித் துணியில் சுற்றிய நீளமான ஏடு. ஊருக்கு இரண்டு பக்கம், சில ஊர்களுக்குப் பத்து. பெயர், தகப்பன் பெயர், வந்த வருஷம், இருக்கும் இடம், மனைவி மக்கள் என்று கட்டம் போட்டிருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் சிறு கோடு இருந்தால் அவர் இறந்துவிட்டார் என்று அர்த்தமாம். நாலைந்து கையெழுத்துகள். என் தொழில் புத்தி, பக்க எண் விட்டுப்போன இடங்களை முதலில் பார்த்தது. அதற்குள் பரமசிவம் எங்கள் ஊர்ப் பக்கத்தை எடுத்துவிட்டார். அதில் ஒரே ஒரு பெயர்.

பேச்சிமுத்து. தகப்பனார் சுப்பையா. வந்தது 1946. இருப்பிடம் செம்பூர். மனைவி இசக்கியம்மாள். மகன் ஆறுமுகம்.

சிவப்புக் கோடு இல்லை.

ஆறுமுகம் நான்தான். ஆயிரக்கணக்கான பெயர்களை நகல் எடுத்திருக்கிறேன். என் பெயரை இன்னொருவர் கையெழுத்தில் ஓர் ஏட்டில் பார்த்தது அன்றுதான். அழுதேன். வெட்கப்படாமல், பரமசிவத்தின் மனைவி கொடுத்த டீ ஆறிப்போகும்வரை அழுதேன். பதினாறு வருஷமாக மனசுக்குள் வைத்துப் பழகிய கோபமெல்லாம் அந்த ஒரு வரியில் கரைந்துவிட்டது. அவர் எங்களை மறக்கவில்லை. வேறு குடும்பம் கட்டவில்லை. யாரோ கேட்டதற்கு எங்கள் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்.

“நான் இந்தப் பொஸ்தகத்தைக் கையில எடுத்து மூணு வருசம் ஆச்சு. மூணு வருசமும் வந்தாரு” என்றார் பரமசிவம். “அதிகமாப் பேச மாட்டாரு. பேரைச் சொல்லுவாரு, எழுதிட்டமான்னு எட்டிப் பாப்பாரு, போயிருவாரு. சாப்பிட்டுப் போங்கன்னாலும் நிக்க மாட்டாரு. செம்பூர்ல எங்கன்னு கேட்டு வைக்கலியே நான். ஞாயித்துக்கெழமை எப்படியும் வந்துருவாரு.”

அவர் வேலைக்குப் போனதும் நான் செய்த காரியத்தை இப்போது எழுதக் கை கூசுகிறது. தபாலாபீசைத் தேடிப் போய் ஐந்து நயா பைசாவுக்கு ஒரு கார்டு வாங்கினேன். ‘அம்மாவுக்கு, ஐயா உயிரோடு நலமாக இருக்கிறார். உன் பெயரையும் என் பெயரையும் சங்கத்துப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். பார்த்துவிட்டு வருகிறேன். ஆறுமுகம்.’ ஆளைப் பார்க்கவில்லை, ஏட்டைப் பார்த்தேன், அது எனக்குப் போதுமாக இருந்தது. இந்த உலகத்தில் இந்தத் தப்பை ஒரு நகல் எழுத்தன்தான் செய்வான்.

சனிக்கிழமை. செம்பூர் பெரிய இடம், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்று பரமசிவம் தடுத்துவிட்டார். கிழக்கு மாட்டுங்கா கடைத்தெருவில் சுற்றினேன். வெற்றிலை, முருங்கைக்காய், வடுமாங்காய் ஊறுகாய், நம்மூர் விபூதிப் பொட்டலம் எல்லாம் இருந்தன. அப்பா உயரமான மனிதர். எங்கள் வீட்டு வாசல் நிலையில் குனிந்துதான் வருவார். அதனால் நல்ல அகலமாகப் பார்த்து எட்டு முழ வேட்டி ஒன்று வாங்கினேன், ஆறே முக்கால் ரூபாய். கடைக்காரர் “யாருக்கு?” என்றார். “எங்க ஐயாவுக்கு” என்றேன். அந்தச் சொல்லை இவ்வளவு நிச்சயமாகச் சொல்லிப் பதினாறு வருஷம் ஆனதால், வேண்டுமென்றே இன்னொரு தடவை விலை கேட்டு, இன்னொரு தடவை சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. லேபர் கேம்ப்பை ஒட்டிய பள்ளிக்கூடக் கூடத்தில் சங்கக் கூட்டம். நூற்றைம்பது பேர் இருக்கலாம். பின்பக்கம் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் மேஜை போட்டுப் புத்தகத்தை விரித்தார் பரமசிவம். நகல் எழுத்தன் என்றால் கையெழுத்து அழகாக இருக்குமே என்று பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டார்.

சோகமான இடம் அது. பார்க்கத்தான் திருவிழாபோல இருக்கும். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் எழுத வந்தவர்கள், பாதிப் பேர் கேட்க வந்தவர்கள். முலுண்டிலிருந்து வந்த ஒருவர் தம்பியைத் தேடினார். பெரிய எழுத்தில் பெயர் எழுதிய சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் நின்றாள். மான்குர்த்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். அண்ணன் பெயர். இல்லை என்று சொன்னபோது, “பக்கத்தைத் திருப்பிப் பாருங்க அண்ணாச்சி, ஒட்டிக்கிட்டிருக்கும்” என்றாள். திருப்பிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இளவட்டங்கள் தங்கள் தாத்தா பெயர் தெரியாமல், ஹிந்தியில் அப்பனிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டே ஒவ்வொரு உயரமான தலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு இப்போது ஐம்பதாகியிருக்கும், நரைத்திருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பத்தரை மணிக்கு ஒருவர் வந்தார். குள்ளமான மனிதர். காக்கி அரைக்கைச் சட்டை, இடது கண்ணில் புரை. என்னைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

“பேச்சிமுத்து. போன வருசம் எழுதுனதுதான். மாத்தம் ஒண்ணுமில்ல. மனைவி இசக்கியம்மாள். மகன் ஆறுமுகம்.” பிறகு கொஞ்சம் யோசித்து, “மகனுக்கு இப்ப இருபத்தொம்பது ஆகியிருக்கும். எழுதணும்னா எழுதிக்கிடுங்க” என்றார்.

என் பேனா அங்கேயே நின்றது. மை பரவியது. பரமசிவம் எழுந்து, “அண்ணாச்சி, இது யாருன்னு தெரியுதா? ஒங்க மகன்லா வந்திருக்காரு” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மனிதர் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

“நீங்க எங்க ஐயா இல்ல” என்றேன். “யாரு நீங்க?”

அவர் ஓடவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “வெளிய வாங்க தம்பி. எல்லாஞ் சொல்லுதேன். வருவீயன்னுதான் எழுதி வச்சேன். வந்துரக் கூடாதுன்னும் இருந்துச்சு” என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். அவர் உண்மைப் பெயர் மாடசாமி. ராதாபுரம் பக்கம். என் அப்பாவோடு தாராவியில் ஒரே கோலியில், அதாவது ஒரே அறையில், இருந்த ஆறு பேரில் ஒருவர். இவருக்கு ஒரு நூல் மில்லில் நிரந்தர வேலை. அப்பாவுக்கு இல்லை. தங்கை கல்யாணத்துக்கு இவர் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. லீவு போட்டால் இடம் போய்விடும் என்று பயம். அந்த நாளில் இதற்கு ஒரு வழக்கம் இருந்ததாம். ஊருக்குப் போகிறவன் தன் பெயர் போட்ட மில் டிக்கெட்டைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுப் போவான். கூட்டாளி அவன் பெயரில் வேலைக்குப் போவான். ஒருவனுக்கு இடம் காப்பாற்றப்படும், இன்னொருவனுக்கு அந்த நாட்களுக்குச் சோறு.

“நாப்பது நாளு ஒங்க ஐயா மாடசாமியா வேலைக்குப் போனாக. கடைசியில காச்சல் வந்துருச்சு. மில்லு சீட்டை வச்சுத்தான் ஆஸ்பத்திரியில சேத்தாக. சீட்டுல எம்பேரு. மூணாம் நாளு எறந்து போயிட்டாக, எம்பேருலயே.”

“அப்பவே யாரும் சொல்லலியா?”

“கூட இருந்தவன் அஞ்சு பேரும் அடுத்தவன் டிக்கெட்டுல வேலை பாத்தவன்தான். எவன் தம்பி சொல்லுவான்? நான் ஊருலயிருந்து திரும்பி வாரேன், நீ செத்துப் போயிட்டியேங்கான் மில்லுல ஆளெடுக்குற ஜாபர். நான் இருக்கேன்னு சொன்னா, அப்ப செத்தது யாருன்னு கேப்பான். அத்தன பேரு வேலையும் போயிரும். கோலியில ஒங்க ஐயாவோட ரேஷன் கார்டு இருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டுச் செம்பூருக்கு வந்துட்டேன். அன்னையிலருந்து நான்தான் பேச்சிமுத்து.”

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா பதினாறு வருஷம் தட்டுக்கு முன்னால் தலைகுனிந்தது இவரால். “ஒரு கார்டு போட்டிருக்கலாமே” என்றேன். “ஒரே ஒரு கார்டு.”

“மூணு தடவ எழுத உக்காந்தேன். என்னன்னு எழுதுவேன்? ஒம்ம புருசன் எனக்காக வேலைக்குப் போயி செத்தாருன்னா? அவுக பேரை நான் வச்சுக்கிட்டேன்னா?” அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். “அதான் இந்தப் பொஸ்தகத்துல மட்டுமாவது அவுக வீட்டை அவுக பேருகிட்ட எழுதி வச்சேன். ஒங்க பேரெல்லாம் அவுக சொல்லி எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரி பேரையோ பிள்ளைக பேரையோ ஒரு வருசம்கூட இதுல சொன்னதில்ல.”

அன்று அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை. அவரோடு சயானிலிருந்து பஸ்ஸில் செம்பூருக்குப் போனேன், பதினைந்து நயா பைசா. எண்ணெய் ஆலைகளின் நெடி அடித்தது. மான்குர்த் போகும் ரயில்பாதை ஓரம் ஓடு வேய்ந்த வரிசையில் கடைசி வீடு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, “பேச்சிமுத்து அண்ணாச்சி, குழாயில பானி வந்துட்டு” என்று கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். என் அப்பாவை யாரோ கூப்பிட்டதாகவே அந்த நொடி என் உடம்பு நினைத்தது. “வாரேன்” என்று அவர் பதில் சொன்னார்.

மனைவி சோறு போட்டாள். என்னை ஊர்க்காரர் என்று மட்டும் சொல்லியிருந்தார். வாசலில் நின்று காதோடு சொன்னார், “அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலயே நான் பேச்சிமுத்துதான் தம்பி. இன்னைக்கி வரைக்கும் வேற ஒண்ணும் தெரியாது.” இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் பள்ளிக்கூட நோட்டைக் காட்டினாள். அட்டையில் அவள் பெயருக்குப் பின்னால், இந்த ஊர் வழக்கப்படி, தகப்பன் பெயர். என் அப்பா பெயர். தமிழில் எழுதத் தெரியாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

மதியம் இருவரும் சயான் பக்கத்துச் சுடுகாட்டுக்குப் போனோம். புதைக்கும் பகுதி தனியாக இருந்தது. காவல்காரர் பழைய பதிவேட்டை எடுத்து வந்தார். 1947-இல் அந்த வரி இருந்தது. மாடசாமி, மில் தொழிலாளி, காய்ச்சல். தன் சாவைத் தானே விரலால் தொட்டுக் காட்டினார் அந்த மனிதர். எந்தக் குழி என்று கேட்டேன். சில வருஷத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் மறுபடி புதைப்பார்கள், குறி எதுவும் இருக்காது என்றார் காவல்காரர். சுவரோரமாக ஒரு இடத்தில் நின்றோம். வேட்டிப் பொட்டலம் என் கையில் இருந்தது. எங்கே பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் பொதுவாகக் கும்பிட்டேன்.

வெளியே வந்ததும் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்க எழுத்து வேலை பாக்கவுக. மனு எழுதிக் கொடுத்து இதைத் திருத்த ஒங்களுக்கு வழி தெரியும். திருத்துனா எனக்கு வேலை போவும், அந்தப் பிள்ளைகளுக்குப் பேரு போவும். ஆனா ஒங்கம்மாவுக்குப் பதிலு கெடைக்கணும். நான் என்ன சொல்ல? நீங்க பாத்துச் செய்யுங்க.”

நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. கையை மட்டும் உதறவில்லை.

செவ்வாய்க்கிழமை. காலையில் வார்டு ஆபீசில் அந்த வரிக்கு நகல் கேட்டு மனுக் கொடுத்தேன். மராத்தி எழுத்தர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நானும் இதே வேலைதான் என்றேன். என் வலது நடுவிரலில் பேனாக் காய்ப்பைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டார். சுத்தமான கையெழுத்து. “உறவு?” என்று கேட்டார். “ஊர்க்காரர்” என்று எழுதச் சொன்னேன். மாலையில் தாதரில் ரயில் ஏறினேன். வழியனுப்பப் பரமசிவம் வந்திருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் சிவப்புக் கோடு போடலாமா என்று கேட்டார். அம்மாவைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

திரும்பும் வழியில் பார்த்தது எதுவும் எழுதும்படியாக இல்லை. மூன்று இரவும் என் கண்ணில் அந்தக் கார்டு மட்டும்தான் நின்றது. எனக்கு முன்னால் அது ஓடிக்கொண்டிருந்தது. பம்பாயில் ஒரு மனிதன் தொலைவது எவ்வளவு எளிது என்று ரயிலில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் அலுவலகத்தில் மூன்று தலைமுறையைக் கால் மணி நேரத்தில் எடுத்துக் கொடுப்பேன் என்று பெருமைப்பட்டவன், அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி. நாங்குநேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அம்மா புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். புதன்கிழமையிலிருந்து ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வந்து நிற்கிறாளாம். நெற்றியில் குங்குமம் எப்போதையும்விடப் பெரிதாக இருந்தது. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் இறங்கியவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பஸ் போன பிறகு, என் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட், நாற்பது நாள், காய்ச்சல், சுவரோரம், செம்பூர் வீடு, நோட்டு அட்டை, எதையும் விடவில்லை. கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முடிவில் நகலை எடுத்து நீட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“இதுல யாரு பேரு போட்டிருக்கு?”

“மாடசாமின்னு போட்டிருக்கும்மா.”

“ஒங்க ஐயா பேரு?”

“இல்ல.”

அதை நாலாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து நான் போட்ட கார்டை எடுத்து வந்தாள். தபால்காரரிடம் எத்தனை தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாளோ, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது.

“இதுல இருக்காகன்னு எழுதியிருக்குல்லா? நீ எழுதுனதுதான?”

“நான்தாம்மா எழுதுனேன்.”

“காயிதத்துல இல்லைன்னா இல்லைன்னு நீதான வாரவுகட்ட எல்லாஞ் சொல்லுவ.” அவள் குரல் உயரவே இல்லை. “அந்த மனுசனை ஒண்ணும் செய்யாத. பிள்ளைக படிக்கட்டும். சிவப்புக் கோடு வேண்டாம்னு எழுதிப் போட்டுரு.”

என் பையைத் திறந்து வேட்டியை எடுத்தாள். பிரித்து அகலம் பார்த்தாள். “நல்ல எட்டு முழமாத்தான் வாங்கியிருக்க, அவுகளுக்குப் பத்தும்” என்று சொல்லிவிட்டு, அப்பாவின் தகரப் பெட்டியில் வைத்து மூடினாள். அதன் பிறகுதான், பெட்டிமேல் இரண்டு கையையும் வைத்தபடி, அழுதாள்.

மறுநாள் காலை குங்குமம் வைத்துக்கொண்டாள்.